செயப்பாட்டு வினையும் ‘டு’ என்னும் சிறு சொல்லும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ஆங்கில இலக்கணம் பேசுவது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். நம் சங்கம் தோன்றியதே படிப்பதற்காகத்தான். ஆகவே படிப்பைப் பற்றிப் பேசுவதைவிடச் சிறந்த வாழ்த்து இவ்விழாவிற்கு இல்லை என்பது நம் கருத்து. மேலும், நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் பத்து மதிப்பெண் வினாவோடு முடிந்துவிடுவதன்று. நம் மக்களின் வாழ்வை ஆளும் சட்டங்கள் ஆங்கிலத்தில் இயற்றப்பட்டிருக்கின்றன. உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் வருகின்றன. போட்டித் தேர்வு விதிகளும், வங்கிக் கடன் ஒப்பந்தங்களும், மேற்படிப்பு விண்ணப்பங்களும் பெரும்பாலும் அம்மொழியிலேயே இருக்கின்றன. அவற்றுள் அடிக்கடி வந்து நிற்கும் ஒரு வாக்கிய அமைப்பைப் பற்றியே இன்று பேசப் போகிறோம். செயப்பாட்டு வினையை அடுத்து ‘டு’ சேர்ந்த வினை வருகின்ற அமைப்பு அது.

முதலில் தமிழிலிருந்து தொடங்குவோம்

நமக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வதே நல்ல பாடமுறை. தமிழில் மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ‘மாணவன் நின்றான்.’ இது தன்வினை. நின்றவனும் அவனே, நிற்க நினைத்தவனும் அவனே. ‘ஆசிரியர் மாணவனை நிற்க வைத்தார்.’ இங்கே நிற்பவன் ஒருவன், நிற்க வைத்தவர் வேறொருவர். ‘மாணவன் நிற்க வைக்கப்பட்டான்.’ இது செயப்பாட்டு வினை. நிற்க வைத்தவர் வாக்கியத்திலிருந்து மறைந்துபோனார்.

இம்மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்போம். ‘தி ஸ்டூடண்ட் ஸ்டுட்.’ ‘தி டீச்சர் மேட் தி ஸ்டூடண்ட் ஸ்டாண்ட்.’ ‘தி ஸ்டூடண்ட் வாஸ் மேட் டு ஸ்டாண்ட்.’ செய்வினையில் ‘மேட்’ என்பதற்குப் பின் வந்த ‘ஸ்டாண்ட்’ வெறுமனே நின்றது; செயப்பாட்டு வினையில் அதற்கு முன்னே ‘டு’ வந்து சேர்ந்துகொண்டது. தமிழில் ‘நிற்க’ என்னும் வினையெச்சம் இரண்டிலும் மாறவே இல்லை. ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் தமிழில் எங்கும் ஒரே உருவில் நிற்கும். அதனால்தான் நம் பிள்ளைகள் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘வாஸ் மேட் ஸ்டாண்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். இது அறிவுக் குறைவன்று, தாய்மொழியின் பழக்கம். பழக்கத்தை அறிந்துகொண்டால் திருத்துவது எளிது.

அந்த ‘டு’ ஏன் வந்தது என்று கேட்கும் மாணவனை நாம் பாராட்ட வேண்டும். செய்வினை வாக்கியத்தில் இரு வினைகளுக்கும் இடையே ‘தி ஸ்டூடண்ட்’ என்னும் செயப்படுபொருள் நின்று அவற்றைப் பிரித்து வைக்கிறது. செயப்பாட்டு வினையாக மாற்றும்போது அப்பெயர் எழுவாயாகி வாக்கியத்தின் தலைக்குச் சென்றுவிடுகிறது. இரண்டு வினைகள் நெருங்கி நிற்கின்றன. அவ்விடத்தில் ‘டு’ வந்து அவற்றை இணைக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். நம் காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேறு உவமை தேடவேண்டியதில்லை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதே கோர்வை. ‘மேட்’ உடல் என்றால் ‘ஸ்டாண்ட்’ கரை. ‘டு’ என்பதே கோர்வை. கோர்வை விட்டுப்போனால் கரை தனியே பிரிந்துவிடும்.

இவ்வாறு செய்வினையில் ‘டு’ இல்லாமல் இருந்து, செயப்பாட்டில் ‘டு’ பெறும் வினைகள் மிகச் சிலவே. ‘மேக்’, ‘ஸீ’, ‘ஹியர்’, ‘ஹெல்ப்’ ஆகியவற்றை முதலில் மனத்தில் கொண்டால் போதும். ‘ஹி வாஸ் ஸீன் டு என்ட்டர் தி ஹவுஸ்’: அவன் வீட்டினுள் நுழைந்தது காணப்பட்டது. ‘ஷி வாஸ் ஹேர்டு டு ஸே ஸோ’: அவள் அவ்வாறு சொன்னது கேட்கப்பட்டது. ‘லெட்’ என்னும் வினை மட்டும் இக்கூட்டத்தில் சேர மறுக்கிறது. ‘வாஸ் லெட் டு கோ’ என்று எழுதுதல் வழக்கன்று. ‘வாஸ் அலவ்டு டு கோ’ என்றே எழுதவேண்டும். மற்ற வினைகளான ‘டெல்’, ‘ஆஸ்க்’, ‘ஆர்டர்’, ‘அலவ்’, ‘பெர்மிட்’, ‘ஃபோர்ஸ்’, ‘கம்பெல்’, ‘ரிக்வயர்’, ‘அட்வைஸ்’ முதலியவை செய்வினையிலும் ‘டு’ கொள்வன. செயப்பாட்டிலும் ‘டு’ கொள்வன. அவற்றில் குழப்பம் இல்லை.

நம்மவர் இடறும் மூன்று இடங்கள்

வினாத்தாள்களைத் திருத்தும்போது மீண்டும் மீண்டும் கண்ணில் படும் பிழைகள் மூன்று. முதலாவது, ‘வரச் சொல்லப்பட்டேன்’ என்பதை ‘ஐ வாஸ் ஸெட் டு கம்’ என்று எழுதுவது. தமிழில் ‘சொல்’ என்னும் ஒரே வினை, செய்தி சொல்வதற்கும் கட்டளை இடுவதற்கும் பயன்படுகிறது. ஆங்கிலத்தில் கட்டளைக்கு ‘டோல்டு’. ‘ஐ வாஸ் டோல்டு டு கம்’ என்பதே சரி. ‘ஹி இஸ் ஸெட் டு பி ரிச்’ என்றால் அவன் பணக்காரன் என்று பிறர் சொல்லிக்கொள்கிறார்கள் என்று பொருள். அங்கே கட்டளை எதுவுமில்லை.

இரண்டாவது, தடுப்பதைச் சொல்லும் இடம். ‘ஃபர்பிட்’ என்னும் வினை ‘டு’ கொள்ளும்; ‘தே வேர் ஃபர்பிட்டன் டு என்ட்டர்’ என்பது சரி. ஆனால் ‘பிரிவென்ட்’, ‘புரொஹிபிட்’ ஆகியவை ‘டு’ கொள்ளா. ‘தே வேர் பிரிவென்டட் ஃப்ரம் என்ட்டரிங்’ என்றே வரும். நுழையாமல் தடுக்கப்பட்டோம் என்று புகார் எழுத நேரும் மக்கள் நாம். ஆகையால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ‘நாட்’ என்னும் எதிர்மறைச் சொல் நிற்கும் இடம். ‘ஹி வாஸ் நாட் டோல்டு டு கம்’ என்றால் அவனை யாரும் வரச் சொல்லவில்லை என்று பொருள். ‘ஹி வாஸ் டோல்டு நாட் டு கம்’ என்றால் வரக்கூடாது என்று அவனிடம் சொல்லப்பட்டது என்று பொருள். முன்னது மறதியாக இருக்கலாம்; பின்னது தடையாணை. ஓர் ஊராட்சித் தலைவர் தேசியக் கொடி ஏற்றும் விழாவிற்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவரை அழைக்கவில்லையா, வராதே என்றார்களா என்பது இந்த ஒரு சொல்லின் இடத்தைப் பொறுத்தது. விசாரணை அலுவலர் கையில் அந்தக் காகிதம் போகும்போது, சொல்லின் இடம் தவறினால் நடந்த செய்தியே மாறிவிடும்.

வினையின் வலிமையை அளந்து படித்தல்

இனி, இவ்வமைப்பைப் படிக்கும் முறையைப் பார்ப்போம். தேர்வு விண்ணப்பத்திலோ அலுவலக ஆணையிலோ ‘டு’ என்பதற்கு முன்னே நிற்கும் சொல்லைக் கவனியுங்கள். ‘ரிக்வெஸ்டட் டு’ என்றால் வேண்டுகோள். ‘அட்வைஸ்டு டு’ என்றால் அறிவுரை. கேட்டால் நமக்கு நல்லது. ‘எக்ஸ்பெக்டட் டு’ என்றால் எதிர்பார்ப்பு. அது கட்டளையின் மென்மையான வடிவம். ‘ரிக்வயர்டு டு’ என்றால் கட்டாயம். செய்யாவிடில் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். ‘டைரக்டட் டு’, ‘ஆர்டர்டு டு’ என்பவை ஆணை. ‘பெர்மிட்டட் டு’, ‘அலவ்டு டு’ என்பவை அனுமதி. ‘என்டைட்டில்டு டு’ என்பது இவை எல்லாவற்றினும் வேறானது, அது உரிமை. பின்னால் வினையும் வரும், பெயரும் வரும். இரண்டிடத்தும் பொருள் உரிமைதான்.

அனுமதிக்கும் உரிமைக்கும் உள்ள தொலைவை நாம் பிள்ளைகளுக்கு விளக்கியாக வேண்டும். அனுமதி கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். கொடுத்தவர் எடுக்கவும் கூடும். உரிமையோ சட்டத்தினால் வருவது. பட்டியல் வகுப்பு மாணவர்க்கு மேல்நிலைப் படிப்பிற்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் 1944ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்குத் தகுதியுள்ள நம் பிள்ளை, அலுவலகத்தில் எழுத்தரின் மேசை முன்னே நின்று ‘தயவுசெய்து அனுமதியுங்கள்’ என்று எழுதவேண்டியதில்லை. ‘ஐ ஆம் என்டைட்டில்டு டு ரிசீவ்’ என்று, பணிவோடும் நிமிர்ந்தும் எழுதலாம். பணிவு வேறு, கெஞ்சுதல் வேறு.

இரண்டு செயல், இரண்டு ஆள்

இவ்வமைப்பின் உட்பொருளை இப்போது கூறுவோம். செயப்பாட்டு வினையை அடுத்து ‘டு’ வரும்போதெல்லாம் அவ்வாக்கியத்தில் இரண்டு செயல்கள் இருக்கின்றன; பெரும்பாலும் இரண்டு ஆட்களும் இருக்கிறார்கள். ஒருவர் கண்ணுக்குத் தெரிகிறார். மற்றவர் மறைந்து நிற்கிறார். ‘வாஸ் மேட் டு ஸிட்’ என்றால் உட்கார்ந்தவர் தெரிகிறார். உட்கார வைத்தவர் தெரியவில்லை. ‘வாஸ் நாட் அலவ்டு டு டிரிங்க்’ என்றால் குடிக்காதவர் தெரிகிறார். குடிக்க விடாதவர் தெரியவில்லை. எனவே இவ்வாக்கியத்தைப் படிக்கும்தோறும் ‘யாரால்?’ என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு விடையாக வருவது ‘பை’ என்னும் சொல்; தமிழில் ‘ஆல்’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு.

அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கை நிகழ்ச்சிகள் சிலவற்றை ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்னும் தலைப்பில் ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். பள்ளியில் மற்றப் பிள்ளைகளிலிருந்து விலகி, தாமே கொண்டு வந்த கோணிச் சாக்கின்மேல் அவர் அமர நேர்ந்ததையும், தாகம் எடுத்தால் பள்ளி ஏவலர் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர் என்றிருந்ததையும் அதில் காண்கிறோம். ஏவலர் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. ஒரு சிறுவனின் தாகத்திற்கும் குழாய்க்கும் இடையே இன்னொருவருடைய விருப்பம் நின்றது. ‘நாட் அலவ்டு டு’ என்பதன் பொருளை இலக்கண நூல் கற்பிக்கும் முன்பே அவர் வாழ்க்கையில் கற்றார்.

அவரே பின்னர் 1947 ஆகஸ்டு 29ஆம் நாள் அமைக்கப்பட்ட அரசமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானார். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவை அரசமைப்பு அவை 1948 நவம்பர் 29ஆம் நாள் ஏற்றது. அப்பிரிவு, தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எவ்வடிவிலும் அதைக் கடைப்பிடித்தல் தடை செய்யப்படுகிறது என்று செயப்பாட்டு வினையிலேயே பேசுகிறது. அதில் ‘யாரால்’ என்னும் சொல் இல்லை. அது குறையா? இல்லை. இன்னார் கடைப்பிடிக்கக்கூடாது என்று எழுதினால் மற்றவர் தப்புவர். ஆள் பெயர் இன்றி எழுதியதால், அரசு அலுவலராயினும், கடைக்காரராயினும், ஊர்ப் பெரியவராயினும் எல்லோரும் அதற்குள் அடங்கினர்.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். சட்டத்தில் செய்பவன் பெயர் மறைந்தால் அது எல்லோரையும் பிடிக்கும். புகார் மனுவில் செய்தவன் பெயர் மறைந்தால் அது ஒருவரையும் பிடிக்காது. இன்றைய உரையில் நீங்கள் எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டா.

நம் ஊர்த் தறியும் ஒரு சட்ட வாக்கியமும்

நம் ஊரிலிருந்தே ஒரு சான்று. கோர்வைச் சேலை நெய்யும் தறியில் உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கும் இரு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓடும். தறியில் அமர்ந்தவர் ஒருவராகவே அனைத்தையும் ஓட்டுதல் அரிது. பக்கத்தில் ஓர் உதவியாள் வேண்டும். பல்லாண்டு காலம் அந்த இடத்தில் அமர்ந்தவை சிறு பிள்ளைகளின் கைகளே. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பள்ளியை விட்டுத் தறிக்குச் சென்ற பிள்ளைகள் உண்டு. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் மனித உரிமை அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

அரசமைப்பின் 24ஆம் பிரிவு, பதினான்கு வயதிற்குட்பட்ட குழந்தையைத் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கிறது. அங்கே வரும் தொடர் ‘எம்ப்ளாய்டு டு வர்க்’ என்பது. பின்னர் 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 3ஆம் பிரிவோ, ‘நோ சைல்டு ஷால் பி எம்ப்ளாய்டு ஆர் பெர்மிட்டட் டு வர்க்’ என்று தொடங்குகிறது. ‘எம்ப்ளாய்டு’ என்று சொன்ன பின்னும் ‘பெர்மிட்டட் டு வர்க்’ என்று ஏன் சேர்த்தார்கள்? அந்தச் சேர்க்கை செய்யும் வேலையைப் பாருங்கள். ‘இப்பிள்ளையை நான் வேலைக்கு வைக்கவில்லை, சம்பளப் பதிவேட்டில் பெயரில்லை, தானே வந்து உட்கார்ந்தான்’ என்று ஒருவர் சொல்லலாம். அப்படியாயின், ‘உட்கார விட்டவர் நீர்தானே?’ என்று சட்டம் திருப்பிக் கேட்கிறது. அமர்த்தியதும் குற்றம், அனுமதித்ததும் குற்றம். ‘பெர்மிட்டட் டு’ என்னும் இரண்டு சொற்கள் ஒரு தப்பிப்பு வழியை அடைத்தன.

அதே சட்டத்தின் தண்டனைப் பிரிவைப் பார்த்தால் செயப்பாட்டு வினை மறைந்து செய்வினை வருகிறது. குழந்தையை வேலைக்கு அமர்த்துபவர் அல்லது வேலை செய்ய அனுமதிப்பவர் ‘ஹூஎவர்’, அதாவது எவராயினும், தண்டிக்கப்படுவார் என்கிறது. தடையைக் கூறுமிடத்தில் ஆளை மறைத்த சட்டம், தண்டனை கூறுமிடத்தில் ஆளை முன்னிறுத்துகிறது.

ஆனால் அச்சட்டத்தின் தொடக்க வடிவில் ஒரு விலக்கும் இருந்தது. நெசவு தடை செய்யப்பட்ட தொழில்களின் பட்டியலில் இருந்தபோதிலும், குடும்பத்தார் துணையுடன் நடக்கும் பட்டறைக்குச் சட்டம் பொருந்தாது என்றது அவ்விலக்கு. வீட்டுத் தறிகள் நிறைந்த நம் ஊரில் இது எவ்வளவு பெரிய வாயில் என்று சொல்லவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பதினான்கு வயதிற்குட்பட்ட பிள்ளையை எத்தொழிலிலும் அமர்த்தக்கூடாது, அனுமதிக்கவும் கூடாது என்று விரித்தது. எனினும் ஆபத்தற்ற குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என்று விட்டது. ‘உதவி’ எங்கே முடிகிறது, ‘வேலை’ எங்கே தொடங்குகிறது என்று பார்க்கவேண்டியவர்கள் நாமே. பெற்றோர்களே! பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு நம் சங்கத்து இளைஞர்கள் வந்து கதவைத் தட்டினால், அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

மனு எழுதும் கை

இனி மனுவிற்கு வருவோம். 1989ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் வகுப்பினரையும் பழங்குடியினரையும் உண்ணத்தகாத பொருளை உண்ணவோ குடிக்கவோ கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்கியது. இக்குற்றத்தில் முதன்மையானது கட்டாயம். ‘ஹி டிராங்க் இட்’ என்று எழுதினால் அவன் குடித்தான் என்பதே பொருள். குற்றம் காணாமல் போயிற்று. ‘ஹி வாஸ் ஃபோர்ஸ்டு டு டிரிங்க் இட்’ என்றால் குற்றம் வந்துவிட்டது. குற்றவாளி இன்னும் வரவில்லை. ‘பை’ என்று சேர்த்து, இன்னாரால், இன்ன இடத்தில், இன்ன நாளில் என்று எழுதினால்தான் மனு முழுமையடையும்.

2020ஆம் ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில், பட்டியல் வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்டார் என்னும் செய்தி படத்தோடு வெளிவந்து நாட்டை உலுக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. படத்தை மட்டும் காண்பவர், ‘அவர் தரையில் அமர்ந்தார்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். ‘ஷி ஸாட்’ என்பதற்கும் ‘ஷி வாஸ் மேட் டு ஸிட்’ என்பதற்கும் இடையே இருப்பது ஒரு வினைமட்டுமன்று. மக்கள் தேர்ந்தெடுத்த தலைவருக்கு நாற்காலி மறுக்கப்பட்ட செய்தியே அங்கே இருக்கிறது.

தமிழில் மனு எழுதினாலும் இதே விதிதான். ‘தெருவில் நடக்க விடப்படவில்லை’ என்று நிறுத்தாதீர்கள். ‘இன்னார் எங்களை நடக்க விடவில்லை’ என்று செய்வினையில் எழுதுங்கள். தம் பெயர் வெளிவரும் என்ற அச்சத்தால் நம்மவர் பலர் செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். அச்சம் இயல்பானதே. ஆயினும் நம் பெயரை மறைப்பதற்கும் செய்தவர் பெயரை மறைப்பதற்கும் வேறுபாடு உண்டு.

பழைய ஆணைகளில் இவ்விலக்கணம்

நம் முன்னோர் இம்மொழியைக் கற்று எப்படிப் பயன்படுத்தினர் என்பதற்கும் நம் மண்ணிலேயே சான்று உண்டு. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கியவர். சென்னைச் சட்டமன்றத்தில் 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, பொதுத் தெரு, பொதுக் கிணறு முதலியவற்றை எவ்வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்னும் ஆணை வெளியாயிற்று. அதுவரை ‘ஃபர்பிட்டன் டு வாக்’ என்றிருந்த மக்களுக்கு ‘என்டைட்டில்டு டு வாக்’ என்னும் நிலையைத் தாளில் பெற்றுத் தந்தவர் அவர். தாளில் பெற்றதைத் தெருவில் பெற இன்னும் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது என்பதும் உண்மை. பின்னர் 1930 முதல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு அமர்ந்து அவர் பேசியதும் ஆங்கிலத்தின் துணையால்தான்.

அதற்கும் முன்னே, இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தையும் உள்ளடக்கிய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்கீர், நம் மக்களின் நிலையைப் பற்றி 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதன் விளைவாக 1892இல் பிறந்த ஆணைகளே பஞ்சமி நிலம் என்று நாம் கூறுவதற்கு அடிப்படை. அந்நிலத்தைக் குறிப்பிட்ட காலம்வரை விற்கக்கூடாது, அதன் பின்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. ‘நாட் பெர்மிட்டட் டு ஸெல்’ என்னும் பொருளுடைய அந்நிபந்தனை நம்மைக் கட்டுவதற்கன்று, நிலத்தைக் காப்பதற்கு வந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆளில்லாத சேரிகளில், நிலம் கை மாறிப் போயிற்று. அந்நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

பஞ்சமி நிலம் எவ்வளவு வழங்கப்பட்டது? பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. ஆங்கிலத்தில் இதை ‘ஆர் ஸெட் டு ஹாவ் பீன் அஸைன்டு’ என்று எழுதுவோம். ‘டு’ என்பதற்குப் பின்னே ‘ஹாவ்’ வந்தால், செயல் முன்னரே நடந்தது என்று பொருள். ‘ஸெட்’ என்று முன்னே வந்தால், எழுதுபவர் பொறுப்பேற்கவில்லை, பிறர் கூற்றை எடுத்துச் சொல்கிறார் என்று பொருள். மேடையில் இவ்வாறு பேசலாம். நீதிமன்றத்தில் பேசும்போதோ, ‘கூறப்படுகிறது’ என்பது போதாது. இன்ன சர்வே எண், இன்ன பதிவேடு என்று காட்டவேண்டும். செயப்பாட்டு வினை கேள்விப்பட்டதைச் சொல்லும். ஆவணமே அதை மெய்ப்பிக்கும். ஆகவே வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைக் கேட்டுப் படிக்கும் இளைஞர் ஒரு சிலரையாவது நம் சங்கம் உருவாக்க வேண்டும்.

கேட்கப்படும் உரிமை

நிறைவாக ஒரு வாக்கியம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 15-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. பாதிக்கப்பட்டவரும் அவரைச் சார்ந்தோரும், பிணை, விடுவிப்பு, தண்டனை முதலியவை பற்றிய விசாரணையில் ‘ஷால் பி என்டைட்டில்டு டு பி ஹேர்டு’ என்கிறது அது. அதாவது, அவர்கள் சொல்வதைக் கேட்கவேண்டும் என்று கோர அவர்களுக்கு உரிமை உண்டு. இங்கே முன்னே நிற்பதும் செயப்பாட்டு வடிவம், ‘டு’ என்பதற்குப் பின்னே வருவதும் செயப்பாட்டு வடிவம். மறைந்து நிற்பவர் யார்? நீதிமன்றம். நெடுங்காலம் ‘மேட் டு’, ‘ஃபோர்ஸ்டு டு’, ‘நாட் அலவ்டு டு’ என்னும் தொடர்களிலேயே எழுவாயாக இருந்த நம் மக்கள், இவ்வாக்கியத்தில் உரிமையோடு எழுவாயாக நிற்கிறார்கள். எதிரி பிணை கேட்கும் நாளில் இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி எழுந்து நிற்க நம்மில் ஒருவர் வேண்டும்.

அன்பிற்குரிய மாணவர்களே! இன்றிலிருந்து ஒரு பயிற்சியை மேற்கொள்ளுங்கள். நாள்தோறும் ஆங்கில நாளிதழிலிருந்து செயப்பாட்டு வினையும் ‘டு’வும் சேர்ந்த ஐந்து வாக்கியங்களை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று வினாக்களுக்கு விடை எழுதுங்கள்: செயலைச் செய்தவர் யார்? செய்ய வைத்தவர் அல்லது விட்டவர் யார்? அது வேண்டுகோளா, கட்டாயமா, அனுமதியா, உரிமையா? ஓராண்டு இதைச் செய்தால் தேர்வில் மதிப்பெண் வரும். அதனினும் மேலாக, எந்த ஆணையைக் கண்டும் மலைக்காத மனம் வரும். மேல் வகுப்பு மாணவர் கீழ் வகுப்பு மாணவர்க்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். நம் சங்கத்தின் மாலை வகுப்பிற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.

  சங்கம் வாழ்க! கல்வி வளர்க! ஜெய் பீம்!